ஐந்துக்கு மூன்று

புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு அந்தப் பீட்சாக் கடையில் ஈ காக்கை இருக்காது. சாப்பாட்டுக் கூட்டம் கலைந்திருக்கும், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் இன்னும் வந்து சேர்ந்திருக்க மாட்டார்கள். அந்த நேரமாகப் பார்த்துத்தான் அவர் வருவார். வெளுத்த முழுக்கைச் சட்டை, பையில் பேனா, பாலீஷ் போட்ட பழைய ஷூ. கண்ணாடிக் கதவை முதலில் இழுத்துப் பார்ப்பார், அது மசியாது, பிறகு தள்ளுவார். ஆறு மாதமாக வருகிறார், அந்தக் கதவு இன்னும் அவருக்குப் பிடிபடவில்லை.

கவுண்டரில் சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு நிற்பவள் அவருடைய மகள். ஒரே மகள்.

“வணக்கம் சார். என்ன சாப்பிடறீங்க?”

“சின்னது ஒண்ணு. வெறும் சீஸ் போதும்.”

“வேற ஏதாவது வேணுமா சார்?”

“வேண்டாம்.”

இவ்வளவுதான் பேச்சு. பெற்ற அப்பனை ‘சார்’ என்று கூப்பிடுகிறாளே என்று யாரும் அவளைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கம்பெனியில் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிட வேண்டும். அதுவும் போக, அந்தச் ‘சார்’ அவர் தேடிக்கொண்டது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலைப்பொழுது, இடுப்பில் மூன்று வயதுக் குழந்தையும் கையில் ஒரு பெட்டியுமாக மகள் வந்து வாசலில் நின்றாள். கட்டிக்கொண்டவனோடு இனி ஒருநாள்கூட இருக்க முடியாது என்றாள். ஏன், எதற்கு என்று அவர் கேட்கவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை. கதவில் கையை வைத்தபடியே, “முதல்ல போய்ப் பேசி முடிச்சிட்டு வாம்மா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்” என்றார். அவள் அம்மா இருந்திருந்தால் அந்தக் கையைத் தட்டிவிட்டுப் பிள்ளையை வாங்கியிருப்பாள். அவள் போய்ச் சேர்ந்து அப்போதே நாலு வருடம் ஆகிவிட்டது. மகள் பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். புருஷன் வீட்டுக்கும் போகவில்லை, அப்பா வீட்டுக்கும் திரும்பவில்லை. எங்கேயோ ஒரு அறை எடுத்துக்கொண்டு, ஊருக்கு நாலு கிளை வைத்திருக்கும் மலிவு விலைப் பீட்சாக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள் என்பது அவருக்குத் தெரியவே ஒன்றரை வருடம் ஆயிற்று.

தெரிந்ததும் கிளம்பிப் போனார். போகும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு போனார். கவுண்டரில் அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகம் ஒரு கணம் வெளிறியது. பிறகு, “வணக்கம் சார், என்ன சாப்பிடறீங்க?” என்றாள். அவர் மேலே பலகையில் முதலில் கண்ணில் பட்டதைக் காட்டி, சின்னது ஒன்று என்றார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

பேச வராதவருக்கு எழுத வரும். அவர் உத்தியோகம் அப்படி. கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை குத்தும் ஆய்வாளராக முப்பத்துநாலு வருடம் இருந்தவர். குறை கண்டால் எழுத வேண்டும், எழுதினால் மேலே இருப்பவர்கள் பார்ப்பார்கள், பார்த்தால் சரிசெய்வார்கள். இந்த மூன்றும் சூரியன் கிழக்கே உதிப்பது போல அவருக்கு. அதனால் முதல் நாள் கொடுத்த பில்லின் அடியில் ‘உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்’ என்று அச்சடித்திருந்ததைப் பார்த்ததும், இருட்டில் தட்டுத் தடுமாறியவருக்குச் சுவிட்சு கையில் பட்டது போல் ஆயிற்று.

போனில் அந்தப் பக்கத்தைத் திறக்கப் பழகுவதற்கு இரண்டு நாள் ஆனது. பழகிய பிறகு ஆள் அதிலேயே குடியேறிவிட்டார். காலைக் காப்பியோடு அந்தக் கிளையைப் பற்றி ஊரார் எழுதியிருப்பதை ஒன்று விடாமல் படிப்பார். ‘பீட்சா அட்டை மாதிரி இருக்கிறது, அது வந்த அட்டைப்பெட்டி கொஞ்சம் மிருதுவாக இருந்தது’ என்று ஒருவன். ‘கொடுத்த விலைக்கு இதற்கு மேல் எதிர்பார்த்தால் நாம்தான் முட்டாள்’ என்று இன்னொருவன் ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பான். ‘காதலியோடு போனேன், ஏசி ஓடவில்லை, காதலி போய்விட்டாள்’ என்று ஒரு பாவப்பட்ட ஜென்மம். இதையெல்லாம் படித்துத் தனியாகச் சிரிப்பார். ஆனால் ஒருநாள் யாரோ, ‘கவுண்டரில் இருந்த பெண் சிரிக்கவே இல்லை’ என்று ஒரே ஒரு நட்சத்திரம் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, “இவன் என்ன பல் டாக்டரா?” என்று காலியான வீட்டில் சத்தம் போட்டார்.

தன் பங்குக்கு அவரும் வாராவாரம் எழுதினார். பெயர் கேட்ட இடத்தில் ‘ஓய்வு பெற்றவர்’ என்று போட்டுக்கொண்டார். பீட்சாவைப் பற்றி ஒரு வரி இருக்கும், மிச்சம் எல்லாம் வேறு சமாச்சாரம்.

‘உணவு சூடாக இருந்தது. கவுண்டரில் பணிபுரியும் பெண் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே இருப்பதாகத் தெரிகிறது. முக்காலி ஒன்று தேவைப்படுகிறது.’

‘குளிர்பதன இயந்திரம் கவுண்டரில் இருப்பவரின் தலைக்கு நேராக வீசுகிறது. அவர் அடிக்கடி தும்முகிறார். திருப்பி வைக்க வேண்டும்.’

‘ஒரே ஆள் பில் போட்டு, பெட்டி கட்டி, மேசையும் துடைக்கிறார். தாமதம் ஏற்படுகிறது. இன்னொரு ஆளை நியமிப்பது அவசியம்.’

ஒவ்வொன்றுக்கும் மூன்று நட்சத்திரம். அவர் கணக்கில் மூன்று என்பது கௌரவமான மதிப்பெண். எடைக்கல் சரியாக இருந்தால் ‘திருப்தி’ என்று எழுதுவார், அதற்கு மேலே ஒரு சொல்லை அவர் எந்தக் கடைக்கும் எழுதியதில்லை. ஐந்து கொடுத்துவிட்டால் குறையே இல்லை என்று ஆகிவிடும், பிறகு முக்காலி எப்படி வரும்? நாலு கொடுப்பதும் கொஞ்சம் குழைகிற மாதிரி இருக்கிறது. மூன்றுதான் நேர்மை என்று தீர்மானித்தார்.

மறுநாளே கம்பெனியிலிருந்து பதில் வந்துவிடும். ‘உங்கள் கருத்துக்கு நன்றி. நீங்கள் சுட்டிக்காட்டிய குறை உரியவரின் கவனத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது.’ அந்த ‘உரியவர்’ என்ற சொல்லில் மனுஷர் சொக்கிப் போனார். எங்கோ பெரிய மேசைக்குப் பின்னால், மூக்குக்கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர் தன் அறிக்கைகளைக் கோப்பில் சேர்த்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டார். முக்காலி இன்னும் வரவில்லை, ஏசி இன்னும் திரும்பவில்லை. அரசாங்கத்திலேயே வருடக்கணக்கில் ஆகும், இவர்கள் தனியார், சீக்கிரம் ஆகிவிடும் என்று பொறுத்திருந்தார்.

போன மாதக் கடைசியில் ஒரு புதன்கிழமை மகளுக்கு நல்ல காய்ச்சல். பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. கண் இரண்டும் சிவந்து, உதடு காய்ந்து கிடந்தது. ஒரே ஒரு சின்னப் பீட்சாவை இரண்டு முறை கேட்டுத்தான் பில்லில் ஏற்றினாள். தட்டை நீட்டியபோது கை நடுங்கியது. ‘உடம்பு சரியில்லையா’ என்ற கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. வந்த கேள்வியை விழுங்கிவிட்டு ஜன்னலோர மேசைக்குப் போய் உட்கார்ந்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்காதவனுக்கு இப்போது கேட்க என்ன முகம் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. வெட்கம் ஒரு மனிதனை எப்படியெல்லாம் மடையனாக்கும் என்பதற்கு எல்லையே இல்லை.

வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் எழுதினார். ‘கவுண்டரில் உள்ள பெண் கடும் காய்ச்சலுடன் பணிபுரிந்தார். கை நடுங்கியது. ஆர்டரை இரண்டு முறை கேட்டார். உடனடியாக அவருக்கு விடுப்பு அளிக்க வேண்டும். மேலிடம் இதில் அலட்சியம் காட்டக்கூடாது.’ மூன்று நட்சத்திரம்.

அடுத்த புதன்கிழமை கவுண்டரில் மகள் இல்லை. வேறொரு பெண் நின்றிருந்தாள். விடுப்பு கொடுத்துவிட்டார்கள்! அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆறு மாதத்தில் முதன்முறையாக அந்தப் பீட்சாவை ருசித்துச் சாப்பிட்டார். ஓரத்து ரொட்டியைக்கூட விடவில்லை. மகளுக்காகத் தன்னால் ஒன்று செய்ய முடிந்ததே என்று கண் கலங்கியது. வீட்டில் படுத்து ஓய்வெடுப்பாள், குழந்தை பக்கத்தில் விளையாடும் என்று நினைத்தபடியே நடந்து வீடு போய்ச் சேர்ந்தார்.

அதற்கு அடுத்த புதனும் அவள் இல்லை. இரண்டு வாரம் படுக்க வைக்கிற காய்ச்சலா? வாங்கிய பீட்சாவைத் தொடாமல் மேசையில் வைத்துவிட்டு எழுந்தார். கடை காலியாக இருந்ததால் ஓவன்காரர் வெளியே வந்து மேசை ஒன்றில் சாய்ந்துகொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும், முன்னங்கையெல்லாம் சூட்டுத் தழும்பு. அவரிடம் போய், எங்கேயோ பார்த்துக்கொண்டே கேட்டார்.

“இங்க முன்னாடி ஒரு பொண்ணு நிக்குமே... உடம்பு எப்படி இருக்கு அதுக்கு?”

“அது போயிடுச்சு சார். வேலையை விட்டு எடுத்துட்டாங்க.”

“எடுத்துட்டாங்களா? எதுக்கு?”

“எல்லாம் ஒரு புண்ணியவான் பண்ணின வேலை.” ஓவன்காரர் தோளில் கிடந்த துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “வாராவாரம் ஒருத்தன் எழுதுவான் சார். ஓய்வு பெற்றவராம். நாங்க மூணு ஸ்டாருன்னு பேர் வெச்சிருந்தோம். முக்காலி இல்லைம்பான், லேட்டாகுதும்பான், தும்முதும்பான். பில்லுல யாரு நம்பர் இருக்கோ அவங்க தலையிலதான் சார் அது விடியும். காலையில எங்க எல்லாரையும் நிக்க வெச்சு மேனேஜர் படிப்பாரு. ஏழாம் நம்பர், மறுபடியும் உனக்குத்தான்னு.”

“மூணுதானே... மூணு நல்ல மார்க்குதானே?”

“நல்லா சொன்னீங்க போங்க. நாலுக்குக் கீழ எது வந்தாலும் இங்க ஃபெயிலு. மூணும் ஒண்ணும் ஒண்ணுதான். அதோட விட்டானா? கடைசியா, காய்ச்சலோட நின்னு சாப்பாட்டைத் தொட்டுக் குடுத்துச்சுன்னு எழுதிட்டான். கம்பெனி விடுமா? சாயங்காலமே தொப்பியைக் கழட்டி வாங்கிட்டாங்க. அவன் கை விளங்காமப் போக.”

ஓவன்காரர் அவர் முகத்தைக் கவனிக்காமல் பேசிக்கொண்டே போனார்.

“அந்தப் பொண்ணு மேலயும் தப்பு இருக்கு சார். மேனேஜர் ரெண்டு தடவை கூப்பிட்டுக் கேட்டாரு. உனக்கு வேண்டாதவங்க, சொந்தக்காரங்க யாராவது எழுதறாங்களா, சொல்லு, அத்தனையும் அழிச்சிடலாம், ஆளையும் கடைக்குள்ள விடாம பண்ணிடலாம்னு. அப்படி ஒரு ரூல் இருக்கு. யாருன்னே தெரியாதுன்னு ஒரே சாதிப்பு. நாளைக்குக் காலையில ஊரை விட்டே போகுது. சாமான் ஏத்த நான்தான் போறேன்.”

விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு எப்படி வீடு வந்து சேர்ந்தார் என்பது அவருக்கே தெரியாது. வந்ததும் போனை எடுத்தார். எழுதியதையெல்லாம் அழிக்கப் பார்த்தார். ‘இந்தக் கருத்து ஏற்கெனவே பரிசீலிக்கப்பட்டுவிட்டது, இனி மாற்ற இயலாது’ என்றது. இருபத்தைந்து கருத்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார், இருபத்தைந்தும் அதையே சொன்னது. கடைசியில், அன்றைய பில்லைப் பிரித்து வைத்துக்கொண்டு, வாழ்நாளில் முதன்முறையாக ஐந்து நட்சத்திரத்தை அழுத்தினார். தான் எழுதியது அத்தனையும் பிழை என்றும், அந்தப் பெண் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்றும், தண்டிப்பதானால் தன்னைத் தண்டிக்கலாம் என்றும் ஒரு பக்கத்துக்கு எழுதினார். பதில் உடனே வந்தது. ‘உங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி. உங்களுக்குச் சேவை செய்த பன்னிரண்டாம் எண் ஊழியருக்கு உங்கள் பாராட்டு தெரிவிக்கப்படும்.’ பன்னிரண்டாம் எண் புதிதாக வந்தவள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மேசையில் தலையைச் சாய்த்து அழுதார்.

காலையில் அவர் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஒரு சின்ன வண்டி நின்றிருந்தது. மூன்றாவது மாடி. ஒரே அறை, அதன் ஒரு மூலையே சமையலறை. பாத்திரமெல்லாம் பீட்சா அட்டைப்பெட்டிகளில் கட்டி வைத்திருந்தது. மெத்தையைச் சுருட்டித் தோளில் ஏற்றிக்கொண்டிருந்த ஓவன்காரர் திரும்பிப் பார்த்தார்.

“அட, புதன்கிழமை சார்! விலாசம் கேட்டீங்க, நேர்லயே வந்துட்டீங்களா?”

“எங்கப்பாண்ணே” என்றாள் மகள்.

ஓவன்காரர் அவளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். மூணு ஸ்டார் யாரென்று ஓவன்காரருக்கு விளங்கிவிட்டது. மெத்தையோடு படியிறங்கிப் போனார்.

காய்ச்சல் விட்டிருந்தது, ஆனால் ஆள் பாதியாகியிருந்தாள். ஜன்னல் ஓரத்தில் பேத்தி ஒரு பொம்மைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தது. ஐந்து வயது. அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பொம்மையிடமே திரும்பிக்கொண்டது. அவர் யாரென்று அதற்குத் தெரியவில்லை.

“நான்தாம்மா எழுதினேன்.”

“தெரியும்ப்பா.”

“உன் நல்லதுக்குன்னு நினைச்சுத்தான்...”

“அதுவும் தெரியும். அன்னைக்கு வாசல்ல நிக்க வெச்சுத் திருப்பி அனுப்பினப்பவும் நல்லதுக்குத்தான்னு சொன்னீங்க.” அவள் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் அவருக்குத் தாங்கிக்கொள்ளச் சுலபமாக இருந்திருக்கும்.

“நான்தான்னு எப்ப தெரிஞ்சுது?”

“முதல் வாரமே. முக்காலி தேவைப்படுகிறதுன்னு ஊர்ல வேற யாரு எழுதுவா?”

“அப்ப மேனேஜர் கேட்டப்ப ஏன்மா சொல்லலை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே. வேலை இருந்திருக்குமே.”

அவள் குழந்தையின் சட்டை ஒன்றை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

“வேலை இருந்திருக்கும். உங்களை உள்ள விட்டிருக்க மாட்டாங்க. நீங்க வர்றது எனக்கு வேண்டியிருந்துதுப்பா. ஒவ்வொரு புதன்கிழமையும் இன்னைக்குப் பேசிடுவாருன்னு நினைப்பேன். வேற ஏதாவது வேணுமா சார்னு கேட்டுட்டு உங்க வாயையே பார்த்துட்டு நிப்பேன். வேண்டாம்னுட்டுப் போய் உட்கார்ந்துடுவீங்க. மறுநாள் காலையில மேனேஜர், நீங்க எழுதினதை எல்லார் முன்னாடியும் படிப்பாரு.”

இருபத்தைந்து புதன்கிழமை. இருபத்தைந்து முறை அவள் கேட்டிருக்கிறாள், இருபத்தைந்து முறையும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். நீயாவது முதலில் பேசியிருக்கலாமே என்று ஒரு பேச்சு நாக்கு நுனிக்கு வந்தது. அதை வெளியே விடாமல் கடித்துக்கொண்டார், அந்தமட்டும் நல்ல காலம்.

“வீட்டுக்கு வந்துடும்மா” என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. “ரெண்டு பேரும் வந்துடுங்க. நான் பண்ணினது தப்பு. ரெண்டுமே தப்பு.”

அவள் கை நின்றது. அவர் முகத்தைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் திரண்டு நின்றது, விழவில்லை.

“பாப்பாவுக்கு அங்க ஸ்கூல்ல இடம் வாங்கியாச்சுப்பா. எனக்கு ஒரு ஆஸ்பத்திரியில துணி துவைக்கிற பக்கம் வேலை சொல்லியிருக்காங்க. திங்கட்கிழமை சேரணும். சேரலைன்னா அதுவும் போயிடும்.”

மறுத்துக் கோபித்துக்கொண்டிருந்தால் காலில் விழுந்தாவது கெஞ்சியிருப்பார். பள்ளிக்கூடத்தையும் திங்கட்கிழமையையும் எதிர்த்து என்ன பேசுவது? வாராவாரம் தான் எழுதியனுப்பியதன் பலன்தான் அந்தத் திங்கட்கிழமை என்பது அவருக்குத் தெரியும். கீழே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். பாத்திரப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவரும் இறங்கினார். படியில் ஓவன்காரர் எதிரே வந்து, வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். அவர் கொடுக்கவில்லை, தானே கொண்டுபோய் வண்டியில் வைத்தார்.

மகள் முன்சீட்டில் ஏறிக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டாள். “தாத்தாவுக்கு டாட்டா சொல்லு” என்றாள். வழியில் போகிற யாருக்கும் காட்டுவது போல அது கையை ஆட்டியது. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த அவர் விரல்களின் மேல் மகள் ஒரு நிமிடம் தன் கையை வைத்தாள்.

“காலையில சாப்பிட்டீங்களாப்பா?”

நேற்று மதியத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூட அவர் பல்லில் படவில்லை. இல்லை என்று சொல்லியிருந்தால் ஒருவேளை இறங்கியிருப்பாள், கட்டி வைத்த பாத்திரத்தைப் பிரித்து எதையாவது கொடுத்திருப்பாள், வண்டி அரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பியிருக்கும்.

“ஆச்சும்மா” என்றார்.

அவள் தலையாட்டினாள். வண்டி கிளம்பியது.